மருந்துத் தொழிற்சாலையில் காத்திருக்கும் நாட்கள்

தொழில் நிர்வாகத்தைப் பற்றிப் பேசுவோரிடையே 'வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங்' என்னும் முறையொன்று இந்நாளில் பெரிதும் அடிபடுகிறது. ஒரு பண்டம் மூலப்பொருளாகத் தொழிற்சாலை வாயிலில் நுழைந்தது முதல், உருப்பெற்று, வாங்குவோரிடம் புறப்படும் வரையில் நடந்த வழி முழுவதையும் ஒரே தாளில் வரைந்து, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் வேலை நடந்தது, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் வெறுமனே கிடந்தது என்று கணக்கிடுவதே அம்முறையாகும். தமிழில் இதனைப் 'பொருள்வழிப் படம்' என்று அழைக்கலாம். பொருள் என்னும் சொல் பண்டத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும். இரண்டும் போகும் வழியைத்தான் இப்படம் காட்டுகிறது.

மருந்துக் கம்பெனிகள் பலவும் தங்கள் திறனைப் பெருக்க இம்முறையைக் கையாளுகின்றன. இது வரவேற்கத்தக்கதே. எனினும், மோட்டார் வண்டித் தொழிலில் பிறந்த ஒரு முறையை மருந்துத் தொழிலுக்குக் கொண்டுவரும்பொழுது, எதைக் குறைக்க வேண்டும், எதைக் குறைக்கலாகாது என்னும் தெளிவு முதலில் வேண்டும். குறைக்க வேண்டியது காத்திருப்பு, குறைக்கலாகாதது சோதனை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்கினால், இலாபம் தேடப் புகுந்தவர்கள் உயிர்களை இழக்க நேரிடும். இக்கருத்தை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கும் இதற்கும் தொடர்பு என்ன?

நெசவும் பயிரும் செய்யும் நமக்கு மருந்துக் கம்பெனியின் உள்விவகாரம் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் விளையும் நிலவாகையின் இலையும் காயும், 'தின்னவேலி சென்னா' என்ற வணிகப் பெயருடன், மலச்சிக்கல் மருந்துகளுக்காக உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வாங்கப்படுகின்றன. மூலனூர் வட்டாரத்து விவசாயிகள் பயிரிடும் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்து 'கோல்சிசின்' என்னும் வீரியமிக்க மருந்து எடுக்கப்படுகிறது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. இவை யாவும் நம்மவர் கையிலிருந்து புறப்பட்டு, மருந்துத் தொழிலின் வழியில் சேருகின்ற ஓடைகள்.

அதுவன்றி, மருந்து செய்யும் கூட்டுறவும் நம்மிடம் உண்டு. சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்கள் ஒன்றுகூடி 1944-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய 'இம்ப்காப்ஸ்' என்னும் கூட்டுறவு மருந்து நிலையம் திருவான்மியூரிலிருந்து மருந்துகளை ஆக்கி வழங்குகிறது. ஆகவே, மருந்து எவ்வாறு ஆக்கப்படுகிறது, எங்கே தேங்குகிறது என்பது கூட்டுறவாளர்களுக்கு அயலார் செய்தியன்று.

முறை பிறந்த இடம்

ஜப்பான் நாட்டின் டொயோட்டா கம்பெனியில் தாயிச்சி ஓனோ என்னும் பொறியாளர், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், வீண் என்று எதைச் சொல்லலாம் என ஆராய்ந்தார். தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், தேவையின்றிச் சுமந்து செல்லுதல், வேண்டாத வேலை செய்தல், மிகுதியாக இருப்பு வைத்தல், தேவையற்ற உடல் அசைவு, பழுதுபடச் செய்தல் என ஏழு வகை வீண்களை அவர் எடுத்துக்காட்டினார். அக்கம்பெனியார் பொருளும் செய்தியும் செல்லும் வழியைப் படமாக வரையும் பழக்கம் உடையவர்களாயிருந்தனர். அங்குப் பணியாற்றிய அமெரிக்கரான ஜான் ஷூக் என்பவரும் மைக் ரோதர் என்பவரும் சேர்ந்து 1990-களின் இறுதியில் 'லேர்னிங் டு ஸீ' என்னும் நூலை வெளியிட்டனர். பார்க்கக் கற்றுக்கொள்ளுதல் என்பது அப்பெயரின் பொருள். அந்நூலின் வழியாகவே இம்முறை உலகெங்கும் பரவியது.

படம் வரையும் விதம் எளியது. முதலில் ஒரே ஒரு பண்டத்தை, அல்லது ஒரே வழியில் செல்லும் பண்டங்களின் குடும்பத்தை, எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, சரக்கு வெளியே செல்லும் வாயிலிலிருந்து தொடங்கி, பின்னோக்கி நடந்து மூலப்பொருள் வரும் வாயில் வரையில் போக வேண்டும். அறையில் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்து வரைவது படமாகாது; தானே நடந்து, கண்டதை எழுத வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு கட்டம். பண்டம் தேங்கிக் கிடக்கும் இடத்துக்கு ஒரு முக்கோணம். கட்டத்தின் கீழே ஆட்கள் எத்தனை, வேலை நேரம் எவ்வளவு, ஒரு பண்டத்திலிருந்து மற்றொன்றுக்கு யந்திரத்தை மாற்ற ஆகும் நேரம் எவ்வளவு என்பனவற்றைக் குறிக்க வேண்டும். ஆணைகளும் கடிதங்களும் எங்கிருந்து எங்குச் செல்லுகின்றன என்பதை மேற்புறத்தில் அம்புக்குறியிட்டுக் காட்ட வேண்டும். அடியில் கோட்டையின் கொத்தளம் போல ஏறி இறங்கும் ஒரு கோடு வரைந்து, காத்திருந்த நாட்களை மேலும், வேலை செய்த நேரத்தைக் கீழும் எழுதிக் கூட்டினால் கணக்கு முடிந்தது.

இன்றுள்ள நிலையை வரைந்த பின்னர், எவ்வாறு இருக்க வேண்டும் என்னும் இரண்டாவது படத்தை வரைகிறார்கள். முதற்படத்திலிருந்து இரண்டாம் படத்துக்குச் செல்ல யார், எந்த நாளுக்குள், என்ன செய்வது என்று திட்டம் வகுப்பதோடு வேலை நிறைவு பெறுகிறது.

ஒரு கணக்கு

மாத்திரை செய்யும் தொழிற்சாலை ஒன்றைக் கணக்கிற்காக மட்டும் கற்பனை செய்துகொள்வோம். நாளொன்றுக்கு 16 மணி நேரம் வேலை நடக்கிறது. ஒரு தொகுதி மாத்திரைக்கு எடைபோட 3 மணி, குருணையாக்கி உலர்த்த 8 மணி, கலக்க 1 மணி, அச்சில் அழுத்த 10 மணி, மேற்பூச்சிட 8 மணி, பொதிய 10 மணி ஆகிறது. மொத்தம் 40 மணி. அதாவது இரண்டரை நாள் வேலை. மூலப்பொருளைச் சோதிக்க 2 நாளும், முடிந்த மாத்திரையைச் சோதிக்க 3 நாளும் ஆகின்றன. இடைச் சோதனைகள் வேலையோடு வேலையாக நடைபெறுகின்றன.

இனி முக்கோணங்களைப் பார்ப்போம். மூலப்பொருள் வந்தவுடன் சோதனைச் சாலையின் முறைக்காக 9 நாள் கிடக்கிறது. தேறியதென்று கையெழுத்தாக 1 நாள். பண்டகசாலையில் உற்பத்தி முறை வரும் வரையில் 10 நாள். எடைபோட்ட பின் 1 நாள்; கலந்த பின் 2 நாள்; அழுத்திய பின் 3 நாள்; பூச்சிட்ட பின் 2 நாள். பொதிந்து முடிந்த பிறகு மீண்டும் சோதனைச் சாலையில் 5 நாள். சோதனையும் முடிந்த பின், அத்தொகுதியின் பதிவேட்டைப் படித்துப் பார்த்து ஒப்பமிட 6 நாள். கூட்டினால் 39 நாள்.

ஆக, வேலை இரண்டரை நாள். சோதனை 5 நாள். காத்திருப்பு 39 நாள். மொத்தம் 46½ நாள். எண்கள் என் கற்பனையேயானாலும், இக்கணக்கின் உருவம் கற்பனையன்று. தொகுதி தொகுதியாக மருந்து செய்யும் முறையில், மருந்து தொழிற்சாலைக்குள் கழிக்கும் காலத்தின் பெரும்பகுதி கையும் யந்திரமும் அதன்மீது படாத காலமே என்பதைப் பொருள்வழிப் படம் வரைந்தோர் மீண்டும் மீண்டும் கண்டிருக்கின்றனர்.

சங்கங்களின் கணக்கேடுகளைப் பார்வையிடும் பணியில் இருப்போர் இதில் ஒன்றை உடனே உணர்வர். நம் இருப்புப் பதிவேடுகள் எத்தனை கிலோ இருக்கிறது, எத்தனை ரூபாய் மதிப்பு என்று கூறும். எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று கூறுவதில்லை. பொருள்வழிப் படம் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. விற்பனையாகாத சேலைகள் கிடங்கில் கிடந்தால் சங்கத்தின் காசுக்கடன் எவ்வாறு முடங்குகிறது என்பதை நெசவாளர் சங்கத்தார்க்குச் சொல்லவும் வேண்டுமோ? மருந்துக்கோ மற்றொரு கேடும் உண்டு. மூலிகை கிடக்கக் கிடக்க ஈரம் ஏறும், பூஞ்சை பிடிக்கும், வீரியம் குறையும். முடிந்த மருந்து கிடக்கும் ஒவ்வொரு நாளும் அதன் காலாவதி நாளை நோக்கி நடக்கிறது.

தொழிலாளியை விரட்டுவதால் பயனில்லை

திறன் பெருக வேண்டும் என்று சொன்னவுடன் பல நிர்வாகிகளின் கண் முதலில் தொழிலாளியின் கைமீது விழுகிறது. மேற்கண்ட கணக்கைக் கொண்டே அதன் பயனை அளந்து பார்ப்போம். அச்சு யந்திரத்தில் நிற்பவரை விரட்டி 10 மணி வேலையை 8 மணியில் முடிக்கச் செய்தால் மிச்சமாவது 2 மணி நேரம். 46½ நாளில் 2 மணி! அந்த 2 மணியும் மருந்தை விரைவாக நோயாளியிடம் சேர்க்காது. அடுத்த முக்கோணத்தில் 2 மணி முன்னதாகச் சென்று படுத்துக்கொள்ளும். விரட்டியதன் பலனாக மாத்திரை உடைந்தாலோ, எடை மாறினாலோ, விசாரணைக்கு மட்டும் பல நாள் போய்விடும்.

மற்றொரு கணக்கும் பார்க்கலாம். மாதத்தில் 25 நாள், நாளொன்றுக்கு 16 மணி என்றால் 400 மணி நேரம் வேலைக்குக் கிடைக்கிறது. மாதத்துக்கு 20 தொகுதி தேவை என்றால், 20 மணிக்கு ஒரு தொகுதி புறப்பட வேண்டும். நம் கற்பனைத் தொழிற்சாலையில் எந்த யந்திரத்துக்கும் 10 மணிக்கு மேல் ஆகவில்லை. எனவே யந்திரக் குறை இல்லை. ஆனால் சோதனைச் சாலையார் மாதத்துக்கு 18 தொகுதிகளையே முடிக்கக் கூடுமானால், மாதந்தோறும் இரண்டு தொகுதிகள் பின்தங்கும். இந்நிலையில் நிர்வாகக் குழுவார் கடன் வாங்கி இன்னொரு அச்சு யந்திரம் வாங்கினால் அது வீண் செலவு; ஒரு ரசாயனப் பட்டதாரியை நியமித்தால் அது தக்க செலவு. படம் இல்லாதவிடத்து யந்திரம் வாங்கவே கை போகும். யந்திரம் கண்ணுக்குத் தெரியும், வரிசை தெரியாது.

சோதனை வீணாகுமா?

இனி, இம்முறையில் மறைந்துள்ள ஆபத்தைக் கூற வேண்டும். பொருள்வழிப் படத்தின் வழக்கமான இலக்கணப்படி, வாங்குவோர் விரும்பிப் பணம் கொடுக்கத்தக்க மாற்றத்தைப் பண்டத்தில் உண்டாக்கும் வேலை மட்டுமே மதிப்புச் சேர்க்கும் வேலை. மற்றவையெல்லாம் மதிப்புச் சேர்க்காதவை; அவற்றுள் சில தவிர்க்க முடியாதவை. இவ்விலக்கணத்தின்படி சோதனை மதிப்புச் சேர்க்காத இனத்தில் விழுகிறது. மோட்டார் வண்டிக்கு இது ஒருவாறு பொருந்தலாம். மருந்துக்குப் பொருந்தாது என்பது என் துணிபு.

காரணம் எளியது. ஒரு சேலை வாங்க வருபவர் முந்தானையை விரித்துப் பார்க்கிறார். நூலை விரலால் தடவுகிறார். சாயம் நிற்குமா என்று கேட்கிறார். பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் போகிறார். தம் கண்ணும் கையுமே அவருக்குச் சோதனைச் சாலை. மருந்து வாங்குபவரிடம் அத்தகைய கருவி எதுவுமில்லை. வெள்ளை மாத்திரை ஒன்று. அதில் மருந்து இருக்கிறதா, சுண்ணாம்பு இருக்கிறதா, நஞ்சு இருக்கிறதா என்று எந்தத் தாயும் தன் குழந்தைக்குக் கொடுக்குமுன் அறிய முடியாது. அவள் கொடுக்கும் பணம் மாத்திரைக்கு மட்டுமன்று. இது சோதித்துத் தேறியது என்னும் உறுதிக்கும் சேர்த்தேயாகும். ஆதலின் மருந்தில் சோதனை என்பது மதிப்பின் ஒரு பகுதி, வீண் அன்று.

இதை மறந்ததன் விளைவை உலகம் கண்டிருக்கிறது. 1937-இல் அமெரிக்காவில் 'எலிக்சர் சல்பனிலமைடு' என்ற மருந்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுத் திரவம் கரைப்பானாகச் சேர்க்கப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விற்பனைக்கு முன்பு அதன் நச்சுத் தன்மையை எவரும் சோதிக்கவில்லை. அத்துயரமே 1938-இல் அந்நாட்டில் கடுமையான மருந்துச் சட்டம் பிறக்கக் காரணமாயிற்று. அதே நஞ்சு 2025-இல் நம் மாநிலத்துக்கு அழியாத பழியைத் தேடித் தந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆக்கப்பட்ட இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலும் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அம்மருந்தில் 48.6 விழுக்காடு டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரிய வந்தது. எண்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தும், நச்சுத் திரவம் தொழிற்சாலை வாயிலைத் தாண்டிக் குழந்தைகளின் வாய் வரையில் சென்றுவிட்டது. சோதனை என்னும் கட்டம் வெறும் பெயரளவுக்கு இருந்தால் விளைவது இதுவே.

எனவே, மருந்துக்குரிய படத்தில் அடிக்கோட்டை இரண்டாகப் பிரிப்பது போதாது. மூன்றாகப் பிரிக்க வேண்டும். வேலை ஒரு கோடு, சோதனை ஒரு கோடு, காத்திருப்பு ஒரு கோடு. சோதனைக்கென்றே இயற்கை விதித்த காலம் உண்டு. ஊசி மருந்தில் கிருமி இல்லையென்று காட்ட 14 நாள் வைத்துப் பார்ப்பது மருந்து நூல்கள் விதித்த முறை. கிருமி இருந்தால் அது வளர்ந்து கண்ணுக்குத் தெரிய அவ்வளவு நாள் வேண்டும். அந்த 14 நாளைப் பார்த்து, இது வீண் என்று ஒரு நிர்வாகி சொல்வாரானால் அவரிடம் படத்தைக் கொடுப்பதே அபாயம். ஆனால் அந்த 14 நாள் தொடங்குமுன் மாதிரிக் குப்பி அலமாரியில் ஆறு நாள் கிடந்ததென்றால், அந்த ஆறு நாள்தான் வீண்.

காத்திருப்பு எவ்வாறு உண்டாகிறது?

காத்திருப்புக்கு யாரோ ஒருவரின் சோம்பல் காரணம் என்று எண்ணுவது தவறு. பெரும்பாலும் ஒவ்வொரு பகுதியாரும் தத்தம் வேலையைச் சிக்கனமாகச் செய்ய முயல்வதே காரணமாகிறது. சோதனைச் சாலையார் ஒரே வகை மாதிரிகள் பத்துச் சேர்ந்த பிறகு சோதித்தால் கருவியை ஒருமுறை ஆயத்தம் செய்தால் போதும் என்று காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது சிக்கனம். முதலில் வந்த மாதிரிக்கு அது எட்டு நாள் சிறை. உற்பத்திப் பகுதியார், ஒரு மருந்தின் தூள் அடுத்த மருந்தில் கலவாதபடி யந்திரத்தைக் கழுவிச் சோதிக்க நெடுநேரம் ஆவதால், ஒரே மருந்தை மூன்று மாதத்துக்குச் சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அது சிக்கனம். கிடங்குக்கு அது மலை.

பதிவேட்டின் கதையும் அத்தகையதே. ஒவ்வொரு தொகுதிக்கும் எடை, வெப்பம், நேரம், கையொப்பம் யாவும் எழுதப்பட்ட ஏடு ஒன்று உண்டு. வேலை முடிந்த பிறகு அதை முழுவதும் படிக்கும்போது, எடைபோட்ட நாளில் ஒரு கையொப்பம் விடுபட்டது தெரிகிறது. அன்று பணியிலிருந்தவர் விடுப்பில் இருக்கிறார். ஏடு திரும்பிப் போகிறது, மருந்து கிடக்கிறது. ஒவ்வொரு படி முடிந்த அன்றே அப்பக்கத்தைப் படித்து ஒப்பமிட்டால் இந்த ஆறு நாள் ஒரு நாளாகச் சுருங்கும். சோதனை ஒன்றுகூடக் குறையவில்லை. காத்திருப்பு மட்டும் கரைந்தது. அதுபோலவே யந்திரத்தின் கழற்றும் பாகங்களில் இரண்டாவது தொகுப்பு ஒன்றைக் கழுவி ஆயத்தமாக வைத்திருந்தால் மாற்றும் நேரம் குறையும். சிறு தொகுதிகள் செய்வது கட்டுப்படியாகும்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தரம் என்பது இறுதிச் சோதனையால் மருந்துக்குள் புகுத்தப்படுவதன்று, ஆக்கும்போதே அமைய வேண்டுவது என்னும் கொள்கையை வலியுறுத்தியது. அந்நெறியில் சென்றோர் தனித்தனி அறைகளில் நடந்த வேலைகளை இணைத்து, நின்று நின்று செய்வதை நில்லாது ஓடும் தொடர்முறையாக மாற்றி, சோதனையையும் ஓட்டத்தோடு சேர்த்தனர். எச்.ஐ.வி. நோய்க்கான 'பிரெசிஸ்டா' மாத்திரையை, போர்ட்டோ ரிக்கோ தீவிலுள்ள குராபோ தொழிற்சாலையில் அவ்வாறு செய்ய 2016-இல் அந்நிர்வாகம் அனுமதி தந்தது. முன்னரே அனுமதி பெற்ற மருந்தொன்றைத் தொகுதி முறையிலிருந்து தொடர்முறைக்கு மாற்ற அளிக்கப்பட்ட முதல் அனுமதி அதுவே. இது பெருமுதல் வேண்டும் வழி. சிறு நிலையங்களுக்கு உடனே ஆகாதது. ஆனால் தாளும் பென்சிலும் யாவர்க்கும் எட்டும்.

செய்தி செல்லும் வழியும் படத்தில் உண்டு என்று முன்னரே கூறினோம். எவ்வளவு மருந்து தேவை என்று தெரியாதபோதுதான் ஆலைகள் மிகையாகச் செய்து குவிக்கின்றன. 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டு. மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம், எடுத்த மருந்தும் எஞ்சிய இருப்பும் கணினியில். வரும் மருந்துத் தொகுதியின் மாதிரி, செய்தவர் பெயர் மறைக்கப்பட்டுச் சோதனைச் சாலைக்குச் செல்லும். தேறிய பின்னரே மருத்துவமனைக்குப் புறப்படும். செலவைப் பார்த்துக் கொள்முதல், சோதனையைத் தாண்டி வழங்கல் என்னும் இரண்டையும் ஒருங்கே காக்க முடியும் என்பதற்கு இவ்வமைப்பு சான்றாகும்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, மருந்து ஆக்கும் கூட்டுறவு நிலையங்கள் அதிகமாக விற்பனையாகும் ஒரே ஒரு சூரணத்தையோ தைலத்தையோ எடுத்துக்கொண்டு ஒரு படம் வரையட்டும். எல்லாவற்றையும் ஒருங்கே எடுத்தால் ஒன்றும் முடியாது. நடந்து வரைபவர்களில் அரைப்பவர், சோதிப்பவர், ஏடு எழுதுபவர், மூலிகை தருபவர் ஆகிய நால்வரும் இருக்க வேண்டும். வெளியூர் நிபுணர் வந்து வரைந்து சுவரில் மாட்டிவிட்டுப் போகும் படம் சுவருக்கே பயன்படும்.

இரண்டாவது, ஒவ்வொரு மூட்டையிலும் ஒவ்வொரு தொட்டியிலும் வந்த நாளை எழுதுங்கள். நாள் எழுதாத சரக்கின் காத்திருப்பை எவராலும் கணக்கிட முடியாது. இதற்குச் செலவு ஒரு சீட்டும் ஒரு பென்சிலுமே.

மூன்றாவது, மூலிகை விற்கும் விவசாயிகள் தங்கள் சங்கத்தின் வாயிலாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சரக்கு சோதனையில் தேறிய பின்னரே பணம் என்று கொள்முதல் செய்வோர் நிபந்தனை விதிப்பது நியாயமே. ஆனால், சோதனை எத்தனை நாள், சோதனைக்கு முன் கிடப்பது எத்தனை நாள்? மேற்கண்ட கணக்கில் சரக்கு இறங்கித் தேறுவதற்கு ஆன 12 நாளில் சோதனை 2 நாள். மீதி 10 நாளும் விவசாயியின் பணம் அம்முக்கோணத்தில் கிடந்தது. அந்த 10 நாள் வட்டியைக் கம்பெனி கொடுக்கவில்லை, விவசாயி கொடுத்தார். மாதிரி எடுக்கும் நாளையும் முடிவு சொல்லும் நாளையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வது உங்கள் உரிமை. அதற்கு ஈடாக, நன்கு உலர்த்திய, மண்ணும் கலப்பும் இல்லாத, எந்த வயலில் விளைந்தது என்று குறித்த சரக்கைத் தருவது உங்கள் கடமை. தள்ளுபடியாகித் திரும்பும் மூட்டையைப் போல வழியை அடைப்பது வேறொன்றில்லை. பேண்டேஜ் துணி நெய்வோருக்கும் இது பொருந்தும்.

நான்காவது, படத்தினால் மிச்சமாகும் நேரத்தைக் காட்டி ஆட்குறைப்புச் செய்யலாகாது. தம் வேலையைப் பறிக்கும் படத்துக்கு எந்தத் தொழிலாளியும் உண்மையான நேரத்தைச் சொல்ல மாட்டார். பொய் நேரத்தில் வரைந்த படம் பொய்ப் படமாகும். முடங்கிக் கிடந்த முதல் விடுபட்டால், அதில் ஒரு பங்கு சோதனைச் சாலைக்கும், ஒரு பங்கு போனஸுக்கும், ஒரு பங்கு விவசாயிக்கு விரைவில் பணம் கொடுப்பதற்கும் செல்ல வேண்டும்.

ஐந்தாவது, சோதனைச் செலவைக் குறைத்து இலாபம் காட்டும் அறிக்கை எதனையும் பொதுக்குழு ஏற்கலாகாது. நவீன மருந்துகளின் ஆக்க முறைக்குரிய 'எம்' அட்டவணை 2023 இறுதியில் திருத்தி வெளியிடப்பட்டிருக்கிறது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கு 'டி' அட்டவணை உண்டு. இவற்றைச் சுமையாக எண்ணி முணுமுணுப்போர் உள்ளனர். சிறு நிலையங்களுக்குச் செலவு கூடுகிறது என்பது மெய்யே. ஆனால் அச்செலவுக்கு வேண்டிய பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், 39 நாளாகக் கிடக்கும் சரக்கில் இருக்கிறது என்பதே என் விடை. ஒரு நிலையம் தனியே சோதனைச் சாலை வைக்க இயலாவிடில், பல நிலையங்கள் கூடி ஒன்றை வைக்கலாம். தனியாளால் ஆகாததைக் கூடிச் செய்வதற்கே கூட்டுறவு பிறந்தது.

அங்கத்தினர்களே! திறன் என்பது விரைவு மட்டுமன்று. தேவையற்ற இடத்தில் நில்லாமலும், தேவையான இடத்தில் தவறாமல் நின்றும் செல்வதே திறன். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கையோடு, சங்கத்தின் ஒரு பண்டம் வந்த வழியின் படத்தையும் வைக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேளுங்கள். அதில் எத்தனை முக்கோணம், ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அதனைவிட முக்கியமாக, சோதனைக் கோட்டில் எழுதிய நாட்கள் மெய்யாகவே சோதித்த நாட்கள்தானா என்று கேளுங்கள். நாம் விளைத்த இலையும் நாம் நெய்த துணியும் கடைசியில் சேருமிடம் ஒரு நோயாளியின் படுக்கை. அங்கே அது காலத்தோடும், குற்றமின்றியும் போய்ச் சேருமாறு செய்வது நம் பொறுப்பு.